பிழைக்கு அரை மதிப்பெண்

பள்ளியில் இளநிலாவின் கழுத்தில் தேர்வுப் பயிற்சிக் கருவியைப் பூட்டிய நாளிலிருந்து அவளுடைய அப்பா தணிகாசலம் அவளிடம் பேசுவதில்லை. கணக்கைத் தப்பாகப் போட்டால் மட்டுமல்ல, அவளோ பக்கத்தில் இருப்பவர்களோ இலக்கணப் பிழையோடு பேசினாலும் அவளுக்கு அரை மதிப்பெண் குறையும். லாரிப் பட்டறையில் வேலை பார்க்கும் அவருக்கு வாயைத் திறந்தாலே பிழைதான். தேர்வு வரையான பத்து மாதமும் சைகையிலேயே ஓடியது.

முடிவு வந்த அன்று இளநிலா அவரிடம் ஓடிவந்தாள்.

"பாஸாயிட்டேன்ப்பா! இனிமே கழட்டிருவாங்க. இப்பவாச்சும் ஏதாவது பேசுப்பா."

அவர் அவள் தலையை வருடினார். "எங்கண்ணு, ஒங்கிட்ட எவ்ளோ..."

"வாழ்த்துகள். அடுத்த தேர்வுக்கான பயிற்சி தொடங்கிவிட்டது," என்றது கருவி. "இதுவரை ஏழு பிழைகள்."

பதறிப்போன இளநிலா, தன் கையாலேயே அப்பாவின் வாயைப் பொத்தினாள்.