நாக்கு நுனியில் கிரீஸ்

"இதை நீங்க வாயில வச்சுப்பீங்களா மேடம்?"

மாவு பிசையும் மெஷினின் தண்டு சுழலும் இடத்திலிருந்து வழித்தெடுத்த கிரீஸை, யமுனாவின் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு கேட்டார் சேக் மைதீன். கையுறை மாட்டிய அவர் விரல் நுனியில் அது வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருந்தது.

துபாயில் முறுக்கு விற்கிற கம்பெனி, யமுனா நடத்தும் முறுக்குப் பட்டறையைச் சோதிக்க அவரை அனுப்பியிருந்தது. அவர் சரி என்று தலையசைத்தால் வருஷம் பூரா ஆர்டர். இல்லையென்றால் மாலை ஷிப்டையே மூடிவிட்டு, அதில் வேலை பார்க்கிற பெண்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். அந்தப் பெண்களெல்லாம் அடுப்படிக் கதவோரம் வந்து நின்று, மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கேட்டேனே மேடம்."

"சாப்பிடற பொருள் செய்யற மெஷினுக்குன்னே தனியா வர்ற கிரீஸ் சார். தப்பித்தவறி மாவுல ஒரு பொட்டுப் பட்டாலும் ஒன்னும் பண்ணாதாம். சென்னையிலேர்ந்து வரவழைக்கிறோம்."

"வரவழைக்கிறீங்க, சந்தோஷம். இங்க இருக்கறது அதுதானான்னு கேக்கறேன்."

அது யமுனாவுக்கே தெரியாது. சென்னை டப்பா பார்சல் ஆபீசில் எங்கேயோ மாட்டிக்கொண்டு கிடந்தது. காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து நொச்சியத்துக்கு ஸ்கூட்டரில் வந்து இறங்கியதும் இறங்காததுமாக ஃபிட்டர் சுடலைமுத்துவிடம் புலம்பித் தீர்த்தாள். அவரோ, "நீங்க போய் ஆபீஸ்ல உக்காருங்கம்மா. வெள்ளையா ஒன்னைப் போட்டு வச்சிடறேன்" என்றார். எதைப் போடப் போகிறீர்கள் என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

கதவுக் கீலுக்கும் சீலிங் ஃபேனுக்கும் போடுகிற வெள்ளை கிரீஸ் ஹார்டுவேர் கடையில் கிடைக்கிறதே, அதை அப்பி வைத்திருந்தால்?

"ஒரு அப்பளக் கம்பெனிக்குப் போயிருந்தேன்" என்றார் சேக் மைதீன், விரலை மடக்காமலே. "லாரிக்குப் போடற கிரீஸ். கேட்டா, கலர் நல்லாத்தானே இருக்குங்கறாங்க. கலரைப் பார்த்தா கிரீஸ் வாங்கறது? மெஷின் எவ்வளவு சூடாகுது, எவ்வளவு வேகமா சுத்துது, தண்ணி படுமா, சொட்டினா எது மேல சொட்டும்... இத்தனையும் பார்க்கணும். உங்க மெஷின்ல நேரா கீழே மாவு இருக்கு மேடம்."

"தெரியும் சார்."

"அப்ப சொல்லுங்க. வாயில வச்சுப்பீங்களா?"

"தள்ளிக்கங்கம்மா."

சுடலைமுத்து முன்னால் வந்தார். "அவங்களை ஏன் சார் போட்டு வாட்டறீங்க? போட்டவன் நானு. என்னைக் கேளுங்க."

யாரும் தடுப்பதற்குள் தன் விரலை மெஷினுக்குள் விட்டு, நெல்லிக்காய் அளவுக்கு வழித்து, வாயில் போட்டுக்கொண்டார்.

"அண்ணே..." என்று பதறினாள் யமுனா. சுடலைமுத்து நிதானமாக விழுங்கினார்.

"போதுமா சார், இன்னும் கொஞ்சம் எடுத்துக்கவா?"

"அண்ணனுக்கு எலையப் போடுங்கடி" என்றாள் கதவோரம் நின்ற வீரம்மாள். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

சேக் மைதீன் மட்டும் சிரிக்கவில்லை. சுடலைமுத்துவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எப்படி இருக்கு?"

"குத்தம் சொல்றதுக்கு இல்ல சார்."

"ம்" என்று கையுறையைக் கழற்றினார் அவர். "எழுதிடலாம். ஒரு டீ சொல்லுங்க மேடம்."

அவர் ஆபீஸ் ரூமுக்குள் போனதுதான் தாமதம், யமுனா சுடலைமுத்துவின் சட்டைக் கையைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்தாள்.

"மொதல்ல வாயக் கொப்பளிங்க. உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? ஆர்டர் போனா மயிரே போச்சு, வாங்க ஆஸ்பத்திரிக்கு. உங்க பொண்டாட்டிக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"எதுக்கும்மா ஆஸ்பத்திரி? அது கிரீஸே இல்ல."

"என்னது?"

"வீரம்மா சோமாஸுக்கு வச்சிருந்த டால்டா. பழசைச் சுத்தமா தொடச்சிட்டு அப்பி வச்சேன். இளகி ஒழுகிடுமோன்னுதான் எனக்கு ஒரே பயம். நல்லவேளை, மெஷினை ஓட்டச் சொல்லல அந்த மனுஷன்."

யமுனா குழாய்த் திட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. முகத்தைக் கழுவிக்கொண்டு, ஒரு தட்டு நிறைய முறுக்கோடு ஆபீஸ் ரூமுக்குப் போனாள்.

டீயைக் குடித்து முடித்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார் சேக் மைதீன். தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார். "ருசிக்குக் கொறைச்சலே இல்ல மேடம். ஆனா ஆர்டர் தர முடியாது. மெஷின் சரியில்லன்னு எழுதிட்டேன்."

"என்ன சார் இது? உங்க கண்ணு முன்னாடியே எடுத்து வாயில போட்டு முழுங்கினாரே."

"அதனாலதான் மேடம். நெஜமாவே கிரீஸ் போட்டிருந்தார்னா, 'கிரீஸை எவனாவது திம்பானா'ன்னு என்னைத் திட்டியிருப்பாரு."