மாமாவின் இறக்கைகள்

சாயங்கால வெயில் ஒத்திகை அறையின் சுவர்க்கண்ணாடியில் சரிந்து கிடக்கிறது. அக்காவின் கணவர், நடனக் குழுவை நடத்துபவர், கைகளை விரித்து நிற்க, அவர் முதுகில் எல்.இ.டி. இறக்கைகளை வைத்து வாரை இறுக்குகிறாள் அவள். இருநூறு விளக்குகள், ஒவ்வொன்றையும் கம்பியோடு ஈயத்தால் பற்றவைத்த சூடு அவள் விரல்நுனிகளில் இன்னும் கொப்புளமாக இருக்கிறது. போன வருடமும் இப்படித்தான் செய்துகொடுத்தாள். அவர் மேடையில் குனிந்து வணங்கிவிட்டு, "எல்லாம் என் கைவேலை" என்று மைக்கில் சொன்னார். அக்கா கைதட்டினாள். இவளும்தான் தட்டினாள். இந்த முறை கட்டுப்பாட்டுப் பலகையோடு, சாய்வை உணரும் சில்லு ஒன்றையும் சேர்த்துத் தைத்திருக்கிறாள். அவர் குனிந்த நொடியில் அத்தனை விளக்கும் அணையும். ஆட்டம் முழுக்க அவருக்கு விறைப்பாக நிற்கும் ராஜா வேஷம். குனிவது கடைசி வணக்கத்துக்கு மட்டும்தான். மறுபடி எரிய வேண்டுமென்றால், அதே மைக்கில் இவளைத்தான் கூப்பிட வேண்டும்.

இறக்கைகள் நீலமாக விரிகின்றன. கண்ணாடியில் தன்னைப் பார்த்து அவர் பூரித்துப்போகிறார். "நடுவுல மக்கர் பண்ணாதுல்ல?" "கைதட்டு வர்ற வரைக்கும் ஒண்ணும் ஆகாது மாமா." அப்போதுதான் தன் ஷூ கயிறு அவிழ்ந்திருப்பதைப் பார்க்கிறார். "ஐயோ, நீங்க குனியாதீங்க மாமா!" என்று பதறி, அவர் காலடியில் மண்டியிடுகிறாள். "பரவாயில்லையே, இப்பவாச்சும் மரியாதை தெரியுதே உனக்கு" என்கிறார் அவர், நிமிர்ந்தபடியே. நாளை மேடையில் அவிழ்ந்துவிடாதபடி, முடிச்சை இன்னொரு முறை இழுத்து இறுக்குகிறாள்.