பத்து மணித்தியாலக் காற்று

“முதலாளி, நீங்க இதுக்குள்ள காத்தை அடைச்சு விக்கிறீங்களா, பொய்யை அடைச்சு விக்கிறீங்களா?”

சுதாகரன் நேற்றே தீர்ந்துபோன வெற்று ஒட்சிசன் சிலிண்டரை மேசையில் வைத்த சத்தத்தில் யட்டியாந்தோட்டைக் கடைவீதி பாதி திரும்பிப் பார்த்தது. பஸ்ஸுக்கு நின்ற ஒருவர், “மொகத முதலாளி?” என்று என்ன விசயமெனச் சிங்களத்தில் விசாரித்தபடி உள்ளே வந்து, வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

கடைக்காரர் ஸம்சுதீன் வெற்றிலையைக் கன்னத்துக்குள் ஒதுக்கினார். “மெதுவா சொல்லுங்க தம்பி. கேக்கிற பத்துப் பேர்ல ஒருத்தராவது வாங்க வந்தவரா இருப்பாரு.”

“கேக்கட்டும்! நான் சுவாச சிகிச்சை படிக்கிறவன். இது பத்து லீட்டர் சிலிண்டர். மாட்டினா அமுக்க முள்ளு நூத்தி இருவதுல நிக்குது. பெருக்கினா ஆயிரத்தி இருநூறு லீட்டர் காத்து. அப்பாவுக்கு நிமிசத்துக்கு ரெண்டு லீட்டர். அறுநூறு நிமிசம், பத்து மணித்தியாலம் வரணும். நாலு நாளா அஞ்சுலயே முடியுது!”

“முள்ளு நூத்தி இருவதுன்னு நீங்களே சொல்றீங்களே?”

“முள்ளும் ஒங்க வாடகை முள்ளுதானே? ஒங்க பக்கம்தான் பேசும்.”

பஸ்ஸுக்கு நின்றவர் ரசித்துச் சிரித்தார். சுதாகரன் சிரிக்கவில்லை. “ஒரு நாளைக்கு ஒண்ணு வாங்கவே அம்மா தோடு போச்சு. ரெண்டாவது வாங்க வழியில்ல. மிச்சப் பொழுதெல்லாம் அப்பா மூச்சுக்குத் தவிக்கிறாரு, முதலாளி.”

ஸம்சுதீன் தாடையைத் தடவினார். “வெங்காயம் குறைஞ்சா திருப்பி நிறுக்கலாம். காத்தை எப்படித் தம்பி நிறுக்கிறது?”

“நிறுக்கலாம்!” இதற்கென்றே காத்திருந்தவன்போல் சுதாகரன் முன்னால் வந்தான். “ஒட்சிசனுக்கும் எடை இருக்கு. ஆயிரத்தி இருநூறு லீட்டர்னா ஒண்ணரைக் கிலோவுக்கு மேல வரும். புதுசு ஒண்ணைத் தராசுல வையுங்க. கழுத்துல கொத்தியிருக்கிற வெறும் சிலிண்டர் எடையைக் கழிச்சா, மிச்சம் காத்து.”

வைத்தார்கள். கழித்தார்கள். ஒரு கிலோ அறுநூறு கிராம்.

சுதாகரன் இன்னொரு முறை கழித்தான். காற்று குறையவில்லை, கூட்டம்தான் கூடியிருந்தது.

“தராசும் என்னோடதுதான். வேணும்னா எதிர்க்கடையில நிறுத்துப் பாருங்க,” என்றார் ஸம்சுதீன், சிரிக்காமல். அவர் சிரித்திருந்தால்கூட இவ்வளவு சுட்டிருக்காது. சுதாகரனுக்குக் காது மடல்வரை எரிந்தது.

“எங்கேயோ கசியுது தம்பி. வாங்க, சவர்க்காரத் தண்ணி பூசி நானே பாத்துத் தாறேன்.”

தோட்டத்துக்கு ஏறும் ஆட்டோவில் சுதாகரன் வெளியே பார்த்தபடியே வந்தான். ஸம்சுதீன்தான் பேச்சை மாற்றினார். “அப்பா மீன் வளக்கிறாரா? போன கிழமை ஆள் அனுப்பி, மீன் தொட்டி டியூப் பத்தடி வாங்கினாரே.”

தங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் மனுசருக்கே இடமில்லை என்று சொல்லவும் கூச்சமாக இருந்தது.

தோட்டத்து வரிசை வீடான லயத்தில் அப்பா இருளப்பன் கட்டிலில் சாய்ந்திருந்தார். சத்தமே இல்லை. கூரையைத் தொடாத நடுச்சுவருக்கு மேலால் எந்நேரமும் வரும் பக்கத்துக் காம்பரா பிலோமினம்மாவின் இருமல்கூட நாலைந்து நாளாய் இல்லை. மகள் வீட்டுக்குப் போயிருப்பார் என்று சுதாகரன் நினைத்திருந்தான்.

அவன் கண் இன்றைய சிலிண்டருக்குப் போனது. காற்றின் அளவைக் காட்டும் கண்ணாடிக் குழாயில், காலையில் இரண்டில் விட்டுப்போன குண்டு நாலில் நின்றது.

“அப்பா! யாரு திருகினது? ரெண்டைத் தாண்டினா கணக்கு ஒதைக்கும்னு எத்தனை தடவை சொன்னேன்?”

இருளப்பன் மகனைப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற கடைக்காரரைப் பார்த்ததும் அவர் தலை குனிந்தது. “முதலாளி... இவன் கடையில வந்து ஏதும் பேசிட்டானா?”

“ஒண்ணும் பேசலைங்க,” என்றார் ஸம்சுதீன்.

பிறகு சவர்க்காரத் தண்ணீருடன் குனிந்து, கட்டிலுக்கு அடியில் டியூபைத் தடவிக்கொண்டே போனார். ஒரு மூட்டில் கை நின்றது. அங்கே ஒரு டியூப் இரண்டாகப் பிரிந்திருந்தது. ஒன்று இருளப்பனின் மூக்குக்கு வந்தது. மற்றது கட்டிலுக்குப் பின்னால் நடுச்சுவரில் ஏறிப் போனது.

“முதலாளி, இதோ கசிவு!” சுதாகரன் பாய்ந்து அந்த இரண்டாவது டியூபைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தான்.

“டே, வேணாண்டா...” என்று அப்பா கை நீட்டுவதற்குள், சுவருக்கு அப்பாலிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது.

“இருளப்பண்ணே, இழுக்காதீங்க... மூக்குல இருந்து கழண்டுருச்சு.”