டிரெஸ்ஸரின் வசவு

சிரிப்புக் கதைதான். ஆனால் சிரிப்பு கடைசியில்தான் வரும், கொஞ்சம் பொறுங்கள்.

ரப்பர் விலை விழுந்த வருஷம். அடுத்த வீட்டு ரம்புத்தான் மரத்திலிருந்து விழுந்து, கால் ஒடிந்து பினாங்கு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். வேலை ஒன்றுதான்: எல்லார் மாதிரியும் பேசிக் காட்டுவது.

பக்கத்துக் கட்டில் சுப்பையா அண்ணன். துறைமுகத்தில் அரிசி மூட்டை சரிந்து இடுப்பு நசுங்கியவர். வெள்ளிக்கிழமை பெரிய டாக்டர் வருவார். நடந்து காட்டினால் பழைய வேலை. இல்லையென்றால் ஊருக்கே திருப்பி, நாகப்பட்டினத்துக்குக் கப்பல். பெண்சாதியும் கைக்குழந்தையும் இங்கே சுங்கை பினாங்கில்.

விடிந்ததும், காயத்துக்குக் கட்டுப்போடும் டிரெஸ்ஸர் அப்புத்துரை வருவார். எங்கள் கட்டில்களுக்கு நடுவே துணித் தடுப்பை இழுத்துவிட்டு அண்ணன் பக்கம் போவார். அப்புறம் யாழ்ப்பாணத்து வசவு மட்டும்தான் கேட்கும்.

"எழும்படா கள்ளா! இது என்ன மாமியார் வீட்டுக் கட்டிலோ? திரும்பாதேடா, முன்னுக்குப் பார்! நடடா!"

என் மறுபக்கத்துக் கட்டில் சீனி முகம்மது பாய் காதைப் பொத்திக்கொள்வார். "மனுசனா லா இவன்?"

ஆனால் சுப்பையா அண்ணன் நடந்தார். நாளுக்கு நாள் காலடிச் சத்தம் கூடியது.

"எல்லாம் பயம், பாய். இந்தக் குரலுக்குப் பிணம்கூட நடக்கும்," என்றேன்.

வியாழக்கிழமை மத்தியானம். டிரெஸ்ஸர் சாப்பிடப் போயிருந்தார். தடுப்பு இழுத்தபடியே இருந்தது.

"ஒரு தமாஷ் பார்க்கிறீங்களா?"

"வேணாம் லா தம்பி," என்றார் பாய், அதற்குள்ளேயே சிரித்துக்கொண்டு.

தொண்டையைக் கனைத்தேன். "எழும்படா கள்ளா! நாளைக்குக் கப்பல் ஏறப் போறியோ? திரும்பாதேடா! நடடா!"

கட்டில் கிறீச்சிட்டது. "எந்திரிச்சிட்டேன் ஐயா."

காலடிச் சத்தம். பாய் தலையணையைக் கடித்தார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

"நிமிர்ந்து நடடா!"

"நிமிர்றேன் ஐயா... கையைக் கொஞ்சம் கிட்ட வைங்க. முதுகிலே படலை."

எந்தக் கை?

"ஐயா, கை..."

தடாரென்று சத்தம். துணித் தடுப்பும் சேர்ந்து சாய்ந்தது.

சுப்பையா அண்ணன் மல்லாந்து கிடந்தார். இடுப்பு ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. ஒரு கை மட்டும் முதுகுக்குப் பின்னால் எதையோ துழாவிக்கொண்டிருந்தது. மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"நீயா தம்பி? ஐயா தாங்கிக்குவாருன்னுல்ல சாஞ்சேன்..."