முகப்பில் அப்பா

கலோயன் அழித்துக்கொண்டே இருந்தான். படம் போகவில்லை.

மறுபடி அழுத்தினான். சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

மடிக்கணினித் திரையில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, பேனர் மாதிரி விரிந்து கிடந்தது அப்பாவின் முகம். கறுப்பு வெள்ளையில். கீழே பெயர்: ஸ்டாமென் தோஷெவ்.

தயிர்ப் பண்ணைக்கு இணையதளம். காலையில்தான் ஏற்றியிருந்தான். தலைநகர் சோஃபியாவில் இப்போது எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். முகப்பில் பெரிதாக ஒரே ஒரு படம். பார்க்கிறவன் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும்.

நின்றுவிட்டார்கள்.

கறுப்பு வெள்ளையில் ஒரு முகம், கீழே பெயர். இந்த ஊரில் அதை எங்கே பார்ப்பார்கள்? வாசல் கதவில், மின்கம்பத்தில், பேருந்து நிறுத்தத்தில் ஒட்டும் இறப்பு அறிவிப்பில். போன குளிர்காலத்தில் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தது எல்லோருக்கும் தெரியும். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

முதல் அழைப்பு பென்கா அத்தையிடமிருந்து. அப்பாவின் தங்கை. எடுத்தவுடன் அழுகை.

"ஏன்டா பாவி, கூடப்பிறந்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உனக்கு? போனைத் திறந்து பார்த்துத்தான் நான் தெரிஞ்சுக்கணுமா?"

"அத்தை, அப்பா நல்லா இருக்கார். ஆட்டுக்குத் தீவனம் வாங்கப் போயிருக்கார்."

அழுகை நின்றது. மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, எரிச்சலாக:

"அப்ப சாவுக்குன்னு கோதுமையை வேகப் போட்டுட்டேனே, அதை என்னடா பண்றது?"

அவன் அழைப்பைத் துண்டித்தான். நேரமில்லை. அப்பா வருவதற்குள் அழித்தாக வேண்டும். அவரிடம் இருப்பது பொத்தான் வைத்த பழைய போன். அவர் கண்ணில் படாமல் இதை முடித்துவிடலாம். முடித்தே ஆக வேண்டும்.

முற்றத்தில் வண்டிச் சத்தம்.

திரையில் சுற்றிக்கொண்டிருந்த சக்கரம் நின்றது. திரை வெளுத்தது. படம் போய்விட்டது.

கலோயன் மூச்சை விட்டான். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான்.

எதிர்வீட்டு யோர்தாங்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தலையில் கறுப்புத் துணி. கையில் ஆறு கார்னேஷன் பூக்கள். உயிரோடு இருப்பவருக்கு யாரும் இரட்டைப்படையில் பூக் கொடுப்பதில்லை.

அப்பா தீவன மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கினார்.

யோர்தாங்கா அலறிச் சிலுவை போட்டுக்கொண்டாள். அப்பா அவளைப் பார்த்தார். பூவைப் பார்த்தார். உதடு அசைய எண்ணினார்.

"ஒண்ணை உருவிட்டுக் குடு, வாங்கிக்கறேன்."

அவள் சிரிக்கவில்லை. தன் போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவள் திறந்து வைத்திருந்த பக்கம் அவள் கையில் இன்னும் அப்படியே இருந்தது.

கலோயன் படியிறங்கி ஓடினான். ஓடி என்ன செய்ய?

அப்பா மூட்டையை இறக்கி வைத்தார். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டினார். போனைத் தள்ளிப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"கவனக்குறைவுப்பா," என்றான் கலோயன். "இப்ப ஃபேஷன் இதுதான். இப்படித் தெரியும்னு நான் யோசிக்கல. அழிச்சுட்டேன்."

"எதுக்குடா அழிச்ச?" அப்பாவின் முகம் மலர்ந்திருந்தது. "பாரு யோர்தாங்கா, என்னை இவ்வளவு லட்சணமா எவனும் காட்டினதில்லை. முடியெல்லாம் தனித்தனியாத் தெரியுது. கண்ணைப் பாரு."

"செத்தவன் மாதிரிதான் இருக்கு," என்றாள் யோர்தாங்கா. அவளுக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

"இருக்கட்டுமே. பத்திரமா வச்சிருடா. அந்த நாளைக்கு உதவும்." மகனின் முதுகில் பலமாகத் தட்டினார். "நிறைய வேலை பார்த்திருக்க. ராத்திரியெல்லாம் உக்காந்தியா? எப்படா செஞ்ச இதை?"

கலோயனின் காது மடல்கள் எரிந்தன. தீவன மூட்டையைத் தூக்க வேண்டும் என்று சொல்லிக் குனிந்துகொண்டான். குனிந்தபடியே இருந்தான்.

எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத படம் அவனிடம் இது ஒன்றுதான் இருந்தது. அதனால்தான் எடுத்துப் போட்டான். அதுவரை உண்மை.

பிப்ரவரியில், "காலை வரைக்கும் பார்ப்போம், தாங்கிடுவார்" என்று மருத்துவர் சொல்லிவிட்டுப் போன பிறகு, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மடிக்கணினியைத் திறந்தது அவன்தான். தன் தங்கையின் கல்யாணப் படத்திலிருந்து அப்பாவின் முகத்தை மட்டும் வெட்டி எடுத்தான். சிரிப்பு கொஞ்சம் தூக்கலாக இருப்பதாகப் பட்டது, குறைத்தான். நிறத்தை நீக்கினான். முடியை, கண்ணை, ஒவ்வொன்றாகத் துலக்கினான். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் ஒவ்வொரு மூச்சாக இழுத்துக்கொண்டிருந்தார்.

பெயரை அடித்தான். கீழே, தேதிக்கு மட்டும் இடம் விட்டான்.