முள்முகன் உடைத்த கை

"கத்துறதா இருந்தா நல்லாக் கத்துங்கண்ணே. பக்கத்து அறையில யாரும் இல்லை" என்று சொல்லிவிட்டு, அவனுடைய கட்டைவிரலை இன்னும் கொஞ்சம் பின்னால் வளைத்தாள் அவள்.

'பூட்டு' கத்தினான். தெருவே பார்த்து நடுங்கும் ஆள், வாயில் துண்டைக் கடித்துக்கொண்டு பொலபொலவென்று கண்ணீர் விட்டான். பிசியோதெரபி என்று வந்துவிட்டால் ரவுடி என்ன, ராஜா என்ன!

"போதும் டாக்டரம்மா, உசிரு போகுது!"

"உசிரெல்லாம் போகாது. விரல்தான் வழிக்கு வருது."

வாடகைக்கு இருப்பவர்களை மிரட்டி வீட்டைக் காலி செய்ய வைப்பது அவன் தொழில். சாமானைத் தெருவில் வீசிவிட்டு, கதவில் தன் பூட்டைத் தொங்கவிடுவான். பேர் அப்படித்தான் வந்தது. ஒரு சலூன்காரர் மட்டும் கதவைப் பிடித்துக்கொண்டு நகர மாட்டேன் என்று நின்றார். அவர் கையோடு சேர்த்துக் கதவை அறைந்து சாத்தினான்.

அந்த வாரமே முள்முகன் வந்தான். பல பேர் எலும்பை எண்ணிய அந்த முகமூடி ஆசாமி, பூட்டின் வலது கையையும் முறித்துப் போட்டுவிட்டுப் போனான். சட்டத்தைக் கையில் எடுக்கலாமா என்று ஊரில் பாதிப் பேர் கேட்டார்கள். மீதிப் பேர் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார்கள்.

"காமிக்ஸே போட்டுட்டானுங்க, பாருங்க!" என்று இடது கையால் ஒரு புத்தகத்தை நீட்டினான் பூட்டு. அட்டை முழுக்க முள்முகன்தான். ஏழடி உயரம், கதவகலத் தோள், காலுக்கடியில் நசுங்கிய பூச்சியாகப் பூட்டு. அதிலும் அவனுக்கு ஒரு பெருமை.

அவள் எட்டிப் பார்த்தாள். "மணிக்கட்டை முதல்ல முறிக்கிற மாதிரி வரைஞ்சிருக்காங்க. கட்டைவிரல்தானே முதல்ல போச்சு?"

"ஆமா... உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எக்ஸ்ரே பார்த்தேனே" என்றவள், மேல் தட்டிலிருந்த ரப்பர் பந்து எட்டாமல் ஸ்டூலைப் போட்டு ஏறி எடுத்தாள். "இதை அமுக்குங்க."

"மலை மாதிரி ஆளு டாக்டரம்மா. இல்லேன்னா என்னைத் தொட முடியுமா?"

"முடியாதுண்ணே. அமுக்குங்க."

அமுக்கினான். பந்து நசுங்கியது. அதைக் கீழே போட்டுவிட்டு விரல்களை மடக்கிப் பார்த்தான். ஒன்றுவிடாமல் மடங்கின. முழு முஷ்டி! பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அவளுக்கும் சந்தோஷம்தான்; எத்தனை நாள் பாடு!

"கை பழையபடி ஆயிடுச்சு. இனிமே நீங்க இங்க வர வேண்டியதில்லை."

"நீங்க நல்லா இருக்கணும் டாக்டரம்மா!"

அவள் துண்டை மடித்து வைத்தாள். "அண்ணே, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. அந்தச் சலூன்காரரும் என்கிட்டதான் வர்றாரு. இன்னும் கத்தரி பிடிக்க வரலை. இதே நாற்காலியில உக்காந்து அழுதாரு. உங்களுக்கும் வலின்னா என்னன்னு இப்பத் தெரியுமில்ல? இந்தத் தொழிலை விட்டுடுங்களேன்."

நிஜமாகவே கெஞ்சினாள். சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டானா என்று அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விட்டுட்டு என்ன, பஜனை பாடவா?" பூட்டு சட்டையை உதறிப் போட்டுக்கொண்டான். "நாளைக்குக் காலையில முதல் வேலையே அவன் வீடுதான். இன்னும் காலி பண்ணாம உக்காந்திருக்கான். இந்தத் தடவை இன்னொரு கையையும் வெச்சுச் சாத்தறேன்."

அவள் பெருமூச்சு விட்டாள்.

"சரிண்ணே. அப்போ நாளைக்குப் பார்க்கலாம்."

"என்ன டாக்டரம்மா, இனிமே வர வேண்டியதில்லைன்னு இப்பதானே சொன்னீங்க?"

"நீங்க வர வேண்டாம்ணே. நானே வர்றேன்."