நாலாவது தடவை செத்த கால்குலேட்டர்

"இந்த வருஷத்துல இது நாலாவது தடவைப்பா" என்றபடி எனோரா கால்குலேட்டரை மேசைமேல் பொத்தென்று போட்டாள். வரைபடமெல்லாம் போடும் பெரிய கால்குலேட்டர். எந்தப் பொத்தானை அமுக்கினாலும் திரை இருண்டே கிடந்தது.

"கண்ட மென்பொருளையும் ஏத்தினா இப்படித்தான் ஆகும்" என்றான் எர்வான். "கையில என்ன கட்டு?"

"புதன்கிழமை ஹேண்ட்பால் பயிற்சி. அதை விடுங்க, திங்கக்கிழமை கணக்குப் பரீட்சை."

எர்வான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். விவாகரத்துக்குப் பிறகு இரண்டு வருடம் மகள் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை; இது கெட ஆரம்பித்த பிறகுதான் வருகிறாள். அவள் அம்மா வீடு இதே பிரெஸ்ட் நகரத்துக்குள் ட்ராமில் இருபது நிமிடம்தான். அவள் அம்மா ரோசென்தான் பிள்ளை மனசைக் கலைத்துவிட்டாள் என்று பார்த்தவர்களிடமெல்லாம் புலம்பித் தீர்த்தான்.

ஒரு காலத்தில் ரோசெனும் அவனும் இதே மேசையில் உட்கார்ந்துதான் இப்படிக் கருவிகளின் மென்பொருளை மாற்றி எழுதி விளையாடுவார்கள். இப்போது அவள் பெயரைச் சொன்னாலே அவனுக்கு வாய் கசந்தது.

பின்பக்கத் துளையில் ஊசியை விட்டு அமுக்கி, கம்பியைக் கணினியில் செருகினான். உள்ளே இருந்த கோளாறு திரையில் விரிந்தது. முந்தைய மூன்று தடவை போலவே கச்சிதமான வேலை. அவனால் சரிசெய்ய முடிகிற அளவுக்கு மட்டும் கெடுக்கப்பட்டிருந்தது.

பத்தே நிமிடத்தில் கால்குலேட்டர் உயிர் பெற்றது. எர்வான் அதை மகளிடம் நீட்டினான்.

"இனிமே இதைக் கெடுக்காமலே வாம்மா. அப்பாவைப் பார்க்க ஒரு சாக்கு எதுக்கு?"

எனோரா விழித்தாள். "நானா? இது கெடலன்னா நான் ஏன் இங்க வரப்போறேன்?"

அவனுக்குச் சுருக்கென்றது. கணினியை அவள் பக்கம் திருப்பினான்.

"பொய் சொல்லாத. இதை ஏத்தின நேரம் இதுலயே இருக்கு, பாரு. புதன்கிழமை, நாலேகால். நாலு தடவையும் புதன்கிழமைதான். உன் வீட்டுக் கணினியிலேருந்துதான்."

எனோரா திரையையே பார்த்தாள். கட்டுப் போட்ட விரலைத் தடவிக்கொண்டாள்.

"புதன்கிழமை அந்த நேரத்துல வீட்ல அம்மா மட்டும்தான்ப்பா இருப்பாங்க."